தொட்டுப் பார்க்கும் ரயில்

பட்டாணியின் நோட்டில் அன்றுவரை நானூற்றுப் பன்னிரண்டு ரயில்கள் இருந்தன.

எல்லாம் அவளே பார்த்தவை. தேதி, நேரம், இன்ஜின் நிறம், எத்தனை பெட்டி என்று ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு வரி. சரக்கு ரயில் என்றால் வரியின் ஓரத்தில் ஒரு மூட்டை வரைவாள். தாமதமாக வந்த ரயில் என்றால் ஓர் ஆமை.

நோட்டில் ஆமைகள் நிறைய.

அவளுக்குப் பத்து வயது. பிறந்தபோது அத்தனை சின்னதாக இருந்தாளாம், அதனால் வீட்டில் பட்டாணி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இப்போது வகுப்பிலேயே அவள்தான் உயரம். ஆனாலும் அந்தப் பெயர் அவளை விடுவதாக இல்லை.

பள்ளி விட்டதும் நேராக ரயில் பாதைக்கு மேலே இருக்கும் நடைபாலத்துக்கு ஓடுவாள். நாற்பத்திரண்டு படி ஏறி, பாலத்தின் நடுவில் நின்றால், கீழே நான்கு தண்டவாளங்கள் பளபளக்கும். வலப்பக்கம் ஒரு பெரிய கிடங்கைச் சுற்றி வளைந்து அவை மறைந்துவிடும். அந்த வளைவிலிருந்து ரயில் முகத்தைக் காட்டும் நொடி இருக்கிறதே, அதற்காகத்தான் அவள் அத்தனை படிகளும் ஏறுவாள்.

அன்று அவள் இடத்தில் வேறு யாரோ ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான்.

அவள் வயதுதான் இருக்கும். கம்பிமீது இரண்டு உள்ளங்கைகளையும் பதித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து நின்றான்.

"இது என் இடம்" என்று சொல்லத்தான் பட்டாணி வாயைத் திறந்தாள். அதற்குள் அவன், "உஷ்! வருது" என்றான்.

பட்டாணி வளைவைப் பார்த்தாள். ஒன்றையும் காணோம்.

"எங்க வருது? ஒண்ணும் வரலையே."

"வருது."

"எனக்குக் கண்ணு நல்லாவே தெரியும். அங்க ஒண்ணுமே..."

கிடங்கின் மூலையில் ஒரு நீல இன்ஜின் எட்டிப் பார்த்தது.

"எனக்குக் கண்ணு தெரியாது" என்றான் அவன், மழை வருகிறது என்று சொல்வதுபோல. "ஆனா ரயில் வந்தா தெரியும். கம்பியில கை வெச்சுப் பாரு."

அப்போதுதான் அவன் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த வெள்ளைக் கோலைப் பட்டாணி கவனித்தாள். மெல்லக் கம்பியில் கை வைத்தாள். உள்ளங்கையில் கிச்சுகிச்சு மூட்டுவது போல ஏதோ ஓடியது. இத்தனை நாளாக அதே கம்பியில்தான் சாய்ந்து நின்றிருக்கிறாள். ஒரு தடவைகூடத் தெரிந்ததில்லை!

ரயில் பாலத்துக்கு அடியில் தடதடத்துப் போய் முடிந்தது.

"பதினெட்டு பெட்டி" என்றான் அவன்.

"பதினேழு" என்றாள் பட்டாணி.

"பதினெட்டு. கடைசிப் பெட்டி லேசாத்தான் சத்தம் போட்டுச்சு. அதை நீ விட்டுட்டே."

பட்டாணி யோசித்தாள். கடைசிப் பெட்டி போகும்போது அவள் ரயிலைப் பார்க்கவில்லை. இவன் எப்படி எண்ணுகிறான் என்று இவன் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நோட்டை எடுத்துப் பதினெட்டு என்றே எழுதினாள்.

"உன் பேர் என்ன?"

"வீட்டுல ரேடியோன்னு கூப்பிடுவாங்க. அணைக்கவே முடியாதாம்."

அது உண்மைதான். அடுத்த ஐந்து நிமிடங்களில் ரேடியோ மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். பாலத்துப் படிக்குக் கீழே புதிதாக வந்திருக்கும் தையல் கடை அவன் அம்மாவுடையது. கடைக்குப் பின்னால்தான் வீடு. போன வாரம்தான் குடிவந்தார்கள். இரண்டு நாளிலேயே படிகளை எண்ணிப் பழகிவிட்டான். அவன் அம்மா தைக்கும் சட்டைகளுக்கு அவன்தான் பொத்தான் பொறுக்கிக் கொடுப்பான்.

"எனக்கு ஒரு சந்தேகம்" என்றான் கடைசியில். "யாரைக் கேட்டாலும் சரியாச் சொல்ல மாட்டேங்கறாங்க."

"என்ன?"

"ரயில் வளைஞ்சு வருது, வளைஞ்சு வருதுன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் ரயில்ல உக்காந்து போயிருக்கேன். சுவர் இரும்பு, கதவு இரும்பு, ஜன்னல் கம்பியும் இரும்பு. இரும்பு எப்படி வளையும்? உள்ள இருக்கறவங்க நசுங்கிட மாட்டாங்களா?"

பட்டாணிக்குச் சிரிப்பு வந்தது. பதில் சொல்லப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

"அது வந்து... பாம்பு மாதிரி."

"நான் பாம்பைத் தொட்டதில்லையே."

"ஐயோ, தொட்டுறாதே!"

இருவரும் சிரித்தார்கள். பட்டாணி அவன் உள்ளங்கையில் விரலால் வளைவாக ஒரு கோடு போட்டுக் காட்டினாள்.

"இது கோடு" என்றான் ரேடியோ. "ரயில் எங்க?"

"எங்க வீட்டுல ஒரு ரயில் இருக்கு. அதைக் காட்டினா உனக்குப் புரியும். நாளைக்கு வரியா?"

அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது பட்டாணிக்கு வேறு எந்த நினைப்பும் வரவில்லை. வீட்டு வாசலை மிதித்த பிறகுதான் அந்த அட்டை ஞாபகம் வந்தது.

அவள் வீட்டின் பின்னறையில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, ஓர் அட்டை தொங்கியது. *கண்ணால் பார்க்கவும். கையால் தொடாதீர்கள்.*

எழுதியவர் சித்தப்பா.

சித்தப்பா தபால் அலுவலகத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் வேலை செய்தார். பகலெல்லாம் மற்றவர்களின் ஊர்களுக்குக் கடிதம் பிரிப்பார். மாலையில் தன்னுடைய சொந்த ஊருக்கு வந்துவிடுவார். அந்த ஊர் பின்னறையில், இரண்டு பழைய மரக் கதவுகளைச் சேர்த்துப் படுக்கப்போட்டு, அதன்மேல் கட்டப்பட்டிருந்தது.

கதவுகளைச் சுற்றி ஒரு தண்டவாளம். அதில் ஒரு பச்சை இன்ஜின், பின்னால் உள்ளங்கை நீளத்துக்கு ஐந்து பெட்டிகள். கம்பி கோத்த ஒரு சின்னப் பெட்டியின் திருகைத் திருப்பினால் ரயில் கிளம்பும். பாத்திரம் தேய்க்கும் நுரைப் பஞ்சைப் பிய்த்துச் சாயம் தோய்த்த மரங்கள். நீலக் காகிதத்தில் ஒரு குளம். அரிசி மணி உயரத்தில் மனிதர்கள். பட்டாணியும் சித்தப்பாவும் இரண்டு வருடமாகச் சேர்ந்து கட்டிய ஊர் அது.

"அந்த ரூம்ல தூசி தட்டக்கூட என்னை விடறதில்ல" என்று அம்மா அடிக்கடி சொல்வாள். "தும்மினாக்கூட 'ஐயோ அண்ணி, மரம் விழுந்துடும்'னு கத்தறார்."

மறுநாள் ரேடியோ வந்தான். சித்தப்பா அன்று சீக்கிரமே வந்து, ரயில்காரர் தொப்பி போட்டுக்கொண்டு, விசிலும் கையுமாகத் தயாராக இருந்தார். புது ஆள் வந்தால் அவருக்கு அத்தனை சந்தோஷம்.

"வா தம்பி, வா! இங்க பாரு, இதுதான் நம்ம..." என்று ஆரம்பித்தவர், வெள்ளைக் கோலைப் பார்த்துச் சட்டென்று நிறுத்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி. நான் சொல்றேன், நீ கேளு."

நன்றாகத்தான் சொன்னார். மலை, குளம், கடைத்தெரு, எல்லாவற்றையும் சொன்னார். விசில் ஊதினார். ரயில் சுற்றியது. ரேடியோ தலையைத் திருப்பித் திருப்பி ரயிலின் சத்தத்தின் பின்னாலேயே போனான். ஆனால் அவன் கைகள் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்ததைப் பட்டாணி பார்த்தாள்.

"எங்க வளையுது?" என்று கேட்டான்.

"இதோ, இங்க!" பட்டாணி அவன் கையைப் பிடித்து வளைவுப் பக்கம் இழுத்தாள்.

"பாத்து! பாத்து!" என்று சித்தப்பா கத்தினார்.

அந்தக் கத்தலில் ரேடியோவின் கை துள்ளியது. டிக் என்று ஒரு சின்னச் சத்தம்.

வளைவில் நின்ற சிக்னல் கம்பம் இரண்டாகக் கிடந்தது. தீக்குச்சியைவிட மெல்லிய கம்பம். உச்சியில் கடுகு அளவுக்கு ஒரு சிவப்பு விளக்கு. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு சித்தப்பா பதினொரு நாள் உட்கார்ந்து செய்தது. அப்படி இரண்டுதான் அந்த ஊரில் இருந்தன.

"எதையாவது உடைச்சுட்டேனா?" என்றான் ரேடியோ.

சித்தப்பா குனிந்து இரண்டு துண்டுகளையும் பொறுக்கினார்.

"பரவாயில்ல தம்பி" என்றார் சித்தப்பா. பரவாயில்லை என்கிற குரலாக அது இல்லை.

ரேடியோ அணைந்துவிட்டது. கோலை எடுத்துக்கொண்டு, "வரேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று வாசல் படிகளை எண்ணியபடி இறங்கிப் போனான்.

அடுத்த நாள் அவன் பாலத்துக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. பட்டாணி தனியாக நின்று பதினாறு, பதினேழு என்று எண்ணினாள். சரிதானா என்று கேட்க ஆள் இல்லை.

மூன்றாம் நாள் அவள் தையல் கடைக்குப் போனாள். ரேடியோவின் அம்மா தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"நீதான் பட்டாணியா? ஐயா உள்ளதான் இருக்கார். மூணு நாளா வயித்து வலியாம். ஆனா சாப்பாடு மட்டும் நல்லா இறங்குது."

ரேடியோ ஒரு டப்பா நிறையப் பொத்தான்களை வைத்துக்கொண்டு, தடவித் தடவிப் பிரித்துக்கொண்டிருந்தான். பட்டாணி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"திரும்ப வீட்டுக்கு வாயேன்."

"நான் வந்தா எதையாவது உடைப்பேன்."

"சித்தப்பா கத்தினதாலதான் உன் கை பட்டுது. நானும் பிடிச்சு இழுத்தேன்."

ரேடியோ நான்கு துளைப் பொத்தான் ஒன்றை அதற்குரிய கிண்ணத்தில் போட்டான். "கடைக்குப் போனா தொடாதேங்கறாங்க. யார் வீட்டுக்காவது போனா தொடாதேங்கறாங்க. உன்கிட்ட யாராவது பாக்காதேன்னு சொல்லியிருக்காங்களா?"

பட்டாணி டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சிறிது நேரம் அவளும் பொத்தான் பிரித்தாள். மூன்றில் ஒன்றைத் தப்பான கிண்ணத்தில் போட்டாள். அவன் அதை எடுத்துச் சரியான இடத்தில் போட்டான்.

வீட்டுக்கு வந்ததும் நேராகப் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கண்களை இறுக மூடினாள். ஆள்காட்டி விரலை ஊருக்குள் நடக்க விட்டாள்.

குளம் எங்கே? காகிதம்தான் தட்டுப்பட்டது. தெருவும் அதே காகிதம். மலை? பின்சுவரில் வரைந்த படம்தானே அது, வழவழவென்று சுவர் மட்டும் இருந்தது. கடைத்தெருவில் ஏதோ குத்தியது. அரிசி மணி மனிதர் ஒருவர் விரலில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டார். ரயில் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை.

பட்டாணி கண்ணைத் திறந்தாள். ஊர் அழகாக இருந்தது. ஆனால் கண்ணுக்கு மட்டும்தான்.

மாலையில் சித்தப்பா வந்ததும் துண்டும் கையுமாக எதிரே போய் நின்றாள்.

"சித்தப்பா, ஒரு விளையாட்டு. கண்ணைக் கட்டிக்கணும்."

"இப்பவா? டீ குடிச்சுட்டு வரேனே."

"இப்பவே! உங்க ஊர்ல குளம் எங்க இருக்குன்னு தொட்டுச் சொல்லணும்."

"ப்பூ! இவ்ளோதானா? நான் கட்டின ஊரு. தூக்கத்துலகூடச் சொல்லுவேன்."

பட்டாணி துண்டை இறுக்கிக் கட்டினாள். சித்தப்பா விரலை நீட்டினார். முதலில் ஒரு மரம் சாய்ந்தது.

"இது குளக்கரை" என்றார்.

"அது கடைத்தெரு."

"அப்போ குளம் இந்தப் பக்கம்." ஒரு வீட்டின் கூரை கழன்று விழுந்தது. "என்ன விழுந்துச்சு?"

"தபால் ஆபீஸ் கூரை."

"ஐயையோ! சரி, சரி, பொறு. தண்டவாளத்தைப் பிடிச்சுக்கிட்டே போனா, அடுத்தது..."

டிக்.

சித்தப்பாவுக்கு அந்தச் சத்தம் நன்றாகவே தெரியும். அப்படியே நின்றார். பிறகு மெல்லத் துண்டை அவிழ்த்தார். இரண்டாவது சிக்னலும் இரண்டாகக் கிடந்தது.

திட்டு விழப்போகிறது என்று பட்டாணி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சித்தப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உடைந்த கம்பத்தை உள்ளங்கையில் வைத்து வெகு நேரம் பார்த்தார்.

"அந்தப் பையன் அன்னிக்கு அழுதானா?"

"இல்ல. படியை எண்ணிக்கிட்டே போனான்."

"நான் கத்தியிருக்கக் கூடாது."

"நானும் உங்களைக் கேட்டிருக்கணும்."

சித்தப்பா தலையைத் தொங்கப் போட்டார். "நான் என்ன பண்றது பட்டாணி? எல்லாத்தையும் இவ்ளோ மெல்லிசாப் பண்ணி வெச்சிருக்கேனே. மொத்த ஊரையும் இடிச்சுட்டா கட்ட முடியும்?"

பட்டாணி இதைப் பற்றி அன்று முழுவதும் யோசித்து வைத்திருந்தாள்.

"மொத்த ஊரும் வேண்டாம் சித்தப்பா. நமக்குத்தான் ரெண்டு கதவு இருக்கே. ஒண்ணு கண்ணுக்கு. ஒண்ணு கைக்கு."

சித்தப்பா அவளைப் பார்த்தார். பிறகு ஊரைப் பார்த்தார். பிறகு டீயைக்கூட மறந்துவிட்டு எழுந்தார். "அந்தக் கத்தரிக்கோலை எடு" என்றார்.

வளைவு இருந்த கதவில் வேலை ஆரம்பித்தது. அதில் இருந்த மெல்லிய சாமான்கள் எல்லாம் பத்திரமாக மற்றொரு கதவுக்குக் குடிபெயர்ந்தன. வளைவுக் கதவில் தெருவுக்கு உப்புத்தாள் ஒட்டினார்கள். தொட்டால் சொரசொரவென்று இருந்தது. வயலுக்குப் பழைய துண்டு. இரண்டு மடங்கு பெரிய வீடுகள், நெளிநெளி அட்டையில் கூரைகள். குளத்துக்கு அம்மா ஒரு சின்னக் கண்ணாடித் தட்டைக் கொடுத்தாள். "இது குளம் மாதிரியே ஜில்லுனு இருக்கும்" என்றாள். பழைய செய்தித்தாளைக் கூழாக்கி, விரல் ஏறி இறங்குகிற மாதிரி உண்மையாகவே ஒரு மலை செய்தார்கள். அது காய நான்கு நாள் பிடித்தது.

சிக்னல்தான் படுத்தியது. பென்சிலை நட்டார்கள், விழுந்தது. தடிமனான ஆணியை அடித்தார்கள், கையில் குத்தியது. மூன்றாவது நாள் பட்டாணி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது பேனா மூடி கழன்று உள்ளே இருந்த சுருள் கம்பி குதித்து ஓடியது.

"சித்தப்பா!" என்று கத்திக்கொண்டே அவளும் ஓடினாள்.

சுருள் கம்பியை அடியில் வைத்து, அதன்மேல் கம்பத்தைப் பொருத்தினார்கள். தட்டினால் சாய்ந்தது. விட்டால் தானாக நிமிர்ந்து நின்றது. சித்தப்பா அதை இருபது தடவையாவது சாய்த்துச் சாய்த்துப் பார்த்திருப்பார்.

"போதும் சித்தப்பா, அதுக்குத் தலை சுத்தப் போகுது" என்றாள் பட்டாணி.

பத்தாம் நாள் கடைசி வேலையாக ரயில் நிலையத்துக்குக் கூரை வேண்டியிருந்தது. சித்தப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். சுவரில் தொங்கிய அட்டையைக் கழற்றினார். 'தொடாதீர்கள்' என்ற எழுத்து உள்பக்கம் போகும்படி இரண்டாக மடித்து, நிலையத்தின்மேல் கவிழ்த்துவிட்டார். அளவு சரியாக இருந்தது.

மறுநாள் பட்டாணி தையல் கடைக்குப் போனாள். ரேடியோவின் கையைப் பிடித்து, உள்ளங்கையில் எதையோ வைத்தாள்.

"இது என்னன்னு சொல்லு."

"ஊசியா? உடைஞ்சிருக்கே."

"சிக்னல். ரெண்டாவது சிக்னல். சித்தப்பாவே உடைச்சது."

"நிஜமாவா?"

"கூடவே ஒரு மரம், தபால் ஆபீஸ் கூரை எல்லாம்."

ரேடியோ முதலில் வாயைப் பொத்திக்கொண்டான். பிறகு பொத்தி வைக்க முடியவில்லை. கடையில் உட்கார்ந்திருந்த அவன் அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். "வயித்து வலி போயிடுச்சு போல" என்றாள்.

பின்னறையில் சித்தப்பா இந்த முறை தொப்பி போடவில்லை. விசிலும் ஊதவில்லை. ரேடியோவின் பக்கத்தில் குனிந்து, "தம்பி, அன்னிக்கு நான் கத்தினது தப்பு" என்றார். "இன்னிக்கு உன் கையை எங்க வேணும்னாலும் வெச்சுக்கோ. இந்தப் பக்கம் எதுவும் உடையாது. உடைஞ்சாலும் ஒட்டிக்கலாம்."

ரேடியோ இரண்டு கைகளையும் நீட்டினான். முதலில் விரல் நுனிகள் மட்டும் இறங்கின. பிறகு உள்ளங்கைகள்.

"இது ரோடு! இது... வயலா? இங்க ஜில்லுனு இருக்கே, குளம்!" அவன் விரல்கள் மலைமேல் ஏறி மறுபக்கம் இறங்கின. சிக்னலில் முட்டிக்கொண்டு பயந்து பின்வாங்கின. அது துள்ளி நிமிர்ந்ததும் அவனே ஒரு தடவை தட்டிப் பார்த்தான். "எந்திரிச்சுடுது!"

பட்டாணி ரயிலை வளைவின் நடுவில் நிறுத்தி வைத்திருந்தாள். அவன் விரலை இன்ஜினின் மூக்கில் கொண்டுபோய் வைத்தாள்.

ரேடியோவின் விரல் இன்ஜினின் மேல் நேராகப் போனது. ஓர் இடைவெளியில் இறங்கியது. அடுத்த பெட்டியில் ஏறி நேராகப் போனது. மறுபடி இடைவெளி. மறுபடி நேராக. கடைசிப் பெட்டி வரைக்கும் போய்விட்டு, முதலிலிருந்து மறுபடி தொடங்கினான். இந்த முறை இடைவெளிகளில் மட்டும் நின்று நின்று போனான்.

"பெட்டி வளையவே இல்ல!" என்றான். "ஒவ்வொண்ணும் நேராத்தான் இருக்கு. சேர்ற இடத்துல மட்டும்தான் கொஞ்சம் கொஞ்சமாத் திரும்புது. இதைத்தான் எல்லாரும் வளைஞ்சு வருதுன்னு சொன்னாங்களா?"

"ஆமா" என்றாள் பட்டாணி.

"பாம்பாம், பாம்பு! நாலு பேர் கையைக் கோத்துக்கிட்டுத் திரும்பற மாதிரின்னு சொல்லியிருந்தா அப்பவே புரிஞ்சிருக்குமே!"

பட்டாணியும் சித்தப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை வருடமாக ரயில் பார்க்கிறார்கள். இதை அவர்கள் இருவரும் இப்படி யோசித்ததே இல்லை.

அன்று ரேடியோ இருட்டும் முன் கிளம்ப மனமில்லாமல் கிளம்பினான். திருகைக் கையில் கொடுத்ததும் ரயிலை ஒன்பது சுற்று ஓட்டியிருந்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் அறிவிப்பு வேறு. "பயணிகள் கவனத்துக்கு! குளத்தில் யாரும் காலை நனைக்க வேண்டாம், அது தட்டு!"

வாசலில் செருப்பைப் போடும்போது திரும்பினான். "நிஜ இன்ஜினைத் தொட்டா எப்படி இருக்கும்?"

"பெட்டி மாதிரிதான் இருக்கும்" என்றாள் பட்டாணி. ஆனால் அவளுக்கே நிச்சயமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சித்தப்பா இருவரையும் ரயில் நிலையத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு நடைமேடையில், கிளம்புவதற்கு வெகு நேரம் முன்னாலேயே ஒரு ரயில் வந்து நிற்கும் என்று பட்டாணியின் நோட்டு சொன்னது. அந்த ரயிலுக்கு ஆமையே கிடையாது.

இன்ஜின் மெல்ல உறுமிக்கொண்டு நின்றது. ஓட்டுநர் ஓர் இளம்பெண். தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு நடைமேடையில் வந்துகொண்டிருந்தார்.

சித்தப்பா தயங்கி நின்றார். "வேலை நேரத்துல தொந்தரவு பண்ணக் கூடாது" என்று முணுமுணுத்தார்.

பட்டாணி நேராகப் போய் நின்றாள். "அக்கா, இவன் என் ஃப்ரெண்ட். இன்ஜின் எப்படி இருக்கும்னு கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியல. ஒரு தடவை தொட்டுப் பாக்கலாமா?"

ஓட்டுநர் மூன்று பேரையும் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பிரேக் போட்டுத்தான் நிக்குது. நான் கூடவே நிப்பேன். நான் சொல்ற இடத்துல மட்டும்தான் கை வைக்கணும். சரியா?"

"சரிக்கா!" என்றன இரண்டு குரல்கள்.

ஓட்டுநர் ரேடியோவின் மணிக்கட்டைப் பிடித்து, நடைமேடையில் நின்றபடியே, அவன் உள்ளங்கையை இன்ஜினின் பக்கவாட்டில் வைத்தார்.

ரேடியோ அப்படியே நின்றான். இரண்டாவது கையையும் வைத்தான். பிறகு கன்னத்தைக் கிட்டே கொண்டுபோனான். அவன் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து பட்டாணி பார்த்ததில்லை.

"என்னடா?" என்றாள் மெல்ல.

"உள்ள உறுமுது. மடியில பூனை படுத்திருந்தா எப்படி இருக்கும், அந்த மாதிரி. ஆனா ரொம்ப ரொம்பப் பெரிய பூனை."

ஓட்டுநர் சிரித்தார். "எட்டு வருஷமா ஓட்டறேன். இனிமே எனக்கும் பூனைதான் ஞாபகம் வரும்."

பட்டாணியும் ஓடிவந்து கை வைத்தாள். கை முழுக்க நடுங்கியது, தோள் வரைக்கும் ஏறியது. இருவரும் சேர்ந்து கெக்கலித்தார்கள்.

"சித்தப்பா, நீங்களும் வாங்க!" என்று ரேடியோ கூப்பிட்டான். அவன் அவரைச் சார் என்று கூப்பிடுவதை எப்போது விட்டான் என்று யாரும் கவனிக்கவில்லை.

"நான் எதுக்குப்பா? நான்தான் சின்ன வயசுலேர்ந்து பாத்துக்கிட்டிருக்கேனே."

"பாத்தீங்க சரி. தொட்டிருக்கீங்களா?"

சித்தப்பா கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். ஓர் அடி முன்னால் வந்தார், நின்றார், இன்னோர் அடி வந்தார். ஓட்டுநர் நகர்ந்து இடம் கொடுத்தார். சித்தப்பா ஐந்து விரல்களையும் விரித்து, மெதுவாக, உறங்கும் குழந்தையின் நெற்றியில் வைப்பது போல வைத்தார்.

அவர் கண்கள் அகலமாகிவிட்டன.

"பட்டாணி" என்றார் சின்னக் குரலில். "இது சூடா இருக்கு."

ரயில் கிளம்ப ஐந்து நிமிடம்தான் இருக்கிறது என்று ஓட்டுநர் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் சித்தப்பா கையை எடுத்தார்.